சனிக்கிழமை ஓடாத கார்

மூன்று கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, மத்தியானம். ரூ பெர்தொனே தெருமுனையில் ஒரு கார் நின்றுவிட்டது.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். தமிழ்க் கடைகள் நெருக்கியடிக்கிற லா சப்பலில் சனிக்கிழமை மத்தியானம் கார் நகர்ந்தால்தான் செய்தி. ஆனால் இது நெரிசலில் நின்ற கார் இல்லை. இரண்டு தரம் இருமி, ஒரு தரம் குலுங்கி, பின்பக்கம் ஒரு வெடிச்சத்தத்தைப் போட்டுவிட்டு, தெருவின் குறுக்கே அப்படியே ஓய்ந்துபோன கார். வயது ஐம்பதுக்கு மேல். பாலாடை நிறம். உருண்டை விளக்குகள். கையால் சுற்றி இறக்குகிற கண்ணாடி.

உள்ளே மூன்று பேர். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தவம் அண்ணை. றுவாசி விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை, வீடு கூசேன்வில்லில். பக்கத்தில் அவருடைய மனைவி வசந்தி அக்கா, மடியில் கூறைச்சேலைப் பெட்டி. பின்னால் மகள் நிலானி. கலியாணப் பெண் அவள்தான். சேலை எடுத்தாயிற்று, தாலிக்கொடிக்கு அளவு கொடுக்க வந்த இடத்தில்தான் இந்தக் கூத்து.

ஒரு நிமிடம்தான். அதற்குள் இருபது மெக்கானிக் கூடிவிட்டார்கள்.

"பெற்றோல் இருக்கோ அண்ணை?"

"பற்றரி செத்துப்போச்சு. ஹோர்னை அடிச்சுப் பாருங்கோ."

ஹோர்ன் அடித்தது.

"அப்ப பற்றரி இல்லை."

"உதை மியூசியத்துக்குக் குடுத்திட்டு ஒரு எலெக்ட்ரிக் எடுங்கோவன்."

"கலியாணச் சாமானோடை வெளிக்கிட்டா இப்பிடித்தான். கண்ணூறு."

கடைசி ஆள் சொன்னதற்கு மட்டும் வசந்தி அக்கா தலையாட்டினார். மற்றவர்களுக்கு அவர் முகம் கொடுக்கவில்லை.

நான் வேலை செய்கிற போன் திருத்தும் கடை ரூ லூயி-பிளாங்கில் இருக்கிறது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தது என் பிழை. "தம்பி படிச்ச பெடியன், அவனைக் கூப்பிடுங்கோ" என்று யாரோ கையைக் காட்டிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். வன்னியிலிருந்து வந்த நாளிலிருந்து ஒன்றைக் கவனித்து வருகிறேன். நம்மவர்கள் மத்தியில் 'படித்தவன்' என்று ஒருமுறை பெயர் எடுத்துவிட்டால், எல்லாமே அவன் தலையில்தான். வரிக் கடிதம் வாசிக்க வேண்டும், வீசா படிவம் நிரப்ப வேண்டும், பிள்ளையின் கணக்குப் பாடம் பார்க்க வேண்டும். இப்போது கார். போனுக்குள்ளும் கரண்ட், காருக்குள்ளும் கரண்ட் — பிறகென்ன?

போய்ப் பார்த்தேன். முன்மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அன்றுதான் முதன்முதலாக உற்றுப் பார்க்கிறேன். ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்ற சாமான் வான் ஹோர்னில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. எல்லோருமாகத் தள்ளி, ஒரு நகைக்கடை வாசலில் காரை ஒதுக்கினோம்.

இழுவை வண்டிக்குக் காத்திருந்தபோதுதான் விசயம் விளங்கியது. இரண்டு கிழமையில் நிலானிக்குக் கூசேன்வில் மேரியில், அதாவது நகரசபையில், பதிவுத் திருமணம். மகளை இந்தக் காரில்தான் மேரிக்குக் கொண்டுபோவேன் என்று அவள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலேயே அண்ணை சொல்லி வைத்துவிட்டார். மகள் அதைவிடப் பிடிவாதம். தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அவள். அன்றும் பிரெஞ்சில்தான் சொன்னாள்: "ஒன்றில் இந்தக் கார், இல்லாவிட்டால் ஆர்.ஈ.ஆர். ரயில். வேறு எதிலும் ஏற மாட்டேன்."

வசந்தி அக்கா தீர்ப்பை வாசித்தார்.

"முதல் நாள் வெள்ளிக்கிழமைக்குள்ளை இது சரிவந்தால் இதிலை போவம். இல்லையெண்டால் என்ரை தம்பியின்ரை வான். கூறைச்சேலையோடை நடுத்தெருவிலை நிக்க என்னாலை ஏலாது."

அண்ணை காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பது போல.

அந்தக் கையைப் பார்த்த பிறகு நான் எப்படிச் சும்மா இருப்பது?

இரண்டு இரவு இருந்து வாசித்தேன். பழைய காருக்குள் நடப்பது உண்மையில் ஓர் அழகான சங்கதி. பற்றரியில் இருப்பது வெறும் பன்னிரண்டு வோல்ட். அதை வைத்துக்கொண்டு ஒரு பொறியைக்கூடப் பறக்கவிட முடியாது. அதனால் காயில் என்று ஒரு சாமான் — இங்கே பொபின் என்பார்கள் — அந்தப் பன்னிரண்டை வாங்கிப் பல்லாயிரம் வோல்ட்டாக்கித் தலைவழியே வெளியே தள்ளுகிறது. அது ஒரு தடித்த வயரில் ஓடி, டிஸ்டிரிபியூட்டருக்குள் போய், நாலு ஸ்பார்க் பிளக்குக்கும் முறை வைத்துப் பிரிகிறது. ஒவ்வொரு பிளக்கின் நுனியிலும் ஒரு சின்னப் பொறி. பெற்றோல் பற்றுகிறது. கார் ஓடுகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான பொறி... ஒன்றிரண்டு தவறினால் இருமல். பல தவறினால் பெர்தொனே முனை.

செவ்வாய்க்கிழமை அண்ணைக்கு லீவு. நானும் லீவு எடுத்துக்கொண்டு, மல்டிமீற்றரும் கொப்பியுமாகக் கூசேன்வில் போனேன். கார் அவர்களுடைய கட்டடத்தின் நிலக்கீழ்ப் பார்க்கிங்கில் நின்றது. நான் பார்த்தவற்றை எல்லாம் கொப்பியில் எழுதினேன். பற்றரி பன்னிரண்டரைக்கு மேல், சரி. எர்த் கம்பி இறுக்கமாக இருக்கிறது, சரி. டிஸ்டிரிபியூட்டருக்குள்ளே திறந்து மூடுகிற பொயின்ற் இடைவெளி நெருப்புப்பெட்டி அட்டைத் தடிப்பு, அதுவும் சரி. வயர்கள் புதிது. பிளக்குகள் புதிது. பிளக் ஒன்றைக் கழற்றி இரும்பில் தொடவைத்து, சாவியைத் திருப்பச் சொன்னேன். கொழுத்த நீலப் பொறி, 'டிக் டிக்' என்று.

"ஸ்ராட் பண்ணுங்கோ அண்ணை."

ஒரே திருகல். கார் பாட்டுப் பாடுவது போல ஓடியது.

"இதுதான் பிரச்சினை" என்றார் அண்ணை. "லீவு நாள் செவ்வாயிலை கராச்சுக்குக் கொண்டுபோனாலும் இதே கதைதான். அவன் பிரெஞ்சுக்கார மனிசன், நல்லவன். நாள் முழுக்க ஓடிப் பாத்திட்டு 'முசியே, இதிலை ஒண்டுமில்லை' எண்டு திருப்பித் தாறான். நான் காயில் ரெண்டு தரம் மாத்திப்போட்டன். மூண்டாவது ஒண்டு டிக்கியிலை பெட்டியோடை கிடக்கு. எதுக்கும் இருக்கட்டும் எண்டு."

ஒரு பழுதும் இல்லை என்று நானும் தீர்ப்பு எழுதினேன். பெருமையோடு ரயிலேறினேன்.

சனிக்கிழமை பின்னேரம் போன் வந்தது. "தம்பி, கோயிலாலை வரேக்கை நிண்டுட்டுது." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கொப்பியோடு இருந்தேன். அண்ணையைப் போனில் பிடித்து, கார் எந்தெந்த நாள் நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவருக்குத் திகதி நினைவில்லை, விசேசம்தான் நினைவு. ஒரு சாமத்தியவீடு. ஒரு பிறந்தநாள். ஒரு செத்தவீடு — சவத்துக்கு முன்னால் போக வேண்டியவர் பின்னால் பஸ்ஸில் போயிருக்கிறார். இரண்டு தரம் கோயில். எல்லாம் வெள்ளி, சனி, ஞாயிறு.

"கார் பிரெஞ்சுக்காரனாய் மாறிட்டுது தம்பி" என்றார். "வீக்கெண்டிலை வேலை செய்யாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் கொப்பியை மூடவில்லை. அண்ணை வார நாளில் வேலைக்குப் பஸ்ஸில்தான் போகிறார். காரை எடுப்பதே வெள்ளி பின்னேரமும் சனி ஞாயிறும்தான். எடுக்காத நாளில் எப்படி நிற்கும்? ஆகவே இந்தக் கணக்கு ஒன்றையும் நிரூபிக்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால்... கராச்சுக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் நாள் முழுக்க ஓடிப் பார்த்திருக்கிறாரே? ஒருமுறைகூட அவருக்கு நிற்கவில்லையே?

செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் இந்தக் காருக்கு என்னதான் நடக்கிறது?

இதற்கு விடை தெரிய ஒரே வழி, நோயாளியை நோய் வருகிற நாளில் பார்ப்பது. கலியாணத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை, கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, ஒருவருக்கும் சொல்லாமல் கூசேன்வில்லில் போய் இறங்கினேன். மூன்று மணி. வீட்டில் கலியாண ஆரவாரம். அண்ணை பலகாரத் தட்டுகளுக்கு நடுவில் நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"வாறன் எண்டு சொல்லியிருக்கலாமே தம்பி... நான் ஒருக்கால் கீழை போய்க் காரைத் துப்புரவாக்கிப்போட்டு..."

"துப்புரவு வேண்டாம் அண்ணை. அப்பிடியே பாப்பம்."

கீழே போனோம். முன்மூடியைத் தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை வெறும் கறுப்பாக இருந்த காயிலின் தலையில் இன்று மூன்று குறி திருநீறு. நடுவில் கட்டியாகச் சந்தனம், அதற்குமேல் குங்குமம். இன்னும் ஈரம் காயவில்லை. ஒரு துளி வழிந்து, காயிலைப் பிடித்திருக்கிற இரும்புப் பட்டிவரை இறங்கியிருந்தது.

"இது வசந்தியின்ரை வேலை" என்றார் அண்ணை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. "வெள்ளிக்கு வெள்ளி. குளிச்சு, விளக்கேத்திப்போட்டு, கீழை வந்து இதுக்கும் வைப்பா."

அந்த நேரத்தில்கூட எனக்கு விளங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பக்தி என்று ஒரு பெட்டி, மின்சாரம் என்று ஒரு பெட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"ஸ்ராட் பண்ணுங்கோ."

கார் இருமியது. பிடித்தது. விட்டது. மறுபடி இருமியது. பெர்தொனே முனையில் கேட்ட அதே இருமல். நான் குனிந்து ஒவ்வொரு வயராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பார்க்கிங் விளக்கு அணைந்தது. இந்த நாட்டுப் பார்க்கிங்குகள் உங்களுக்குத் தெரியும். பட்டனை அமத்தினால் இரண்டு நிமிட வெளிச்சம், பிறகு தானாக இருட்டு.

இருட்டில் அது தெரிந்தது.

காயிலின் தலையிலிருந்து ஒரு நீல நூல். சந்தனத்தின் மேலே ஏறி, திருநீற்றுக் குறிகளைக் குறுக்கே வெட்டி, வழிந்த ஈரத்தோடு இறங்கி, இரும்புப் பட்டிக்குள் போய் மறைந்தது. துடித்துத் துடித்து ஓடியது. மெல்லிய ஒரு பொரிகிற சத்தம் வேறு.

"அண்ணை, லைற்றைப் போடாதேங்கோ. நீங்கள் இஞ்சாலை வாங்கோ, நான் சாவியைத் திருப்புறன்."

இடம் மாறினோம். நான் சாவியைத் திருப்பினேன். அண்ணை முன்மூடிக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு" என்றார் கடைசியில்.

மின்சாரமும் நம்மவர்களைப் போலத்தான். வரிசை இல்லாத கதவு ஒன்று திறந்திருந்தால், வரிசையில் நிற்காது. பிளக்குக்குப் போக வேண்டிய பல்லாயிரம் வோல்ட்டுக்கு, ஈரச் சந்தனம் ஒரு குறுக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. இந்தக் குளிர் நிலவறையில் திங்கள், செவ்வாயில்தான் சந்தனம் காயும். வழி அடைபட்டுவிடும். கார் ஓடும். வெள்ளிக்கிழமை மறுபடி...

ஆனால் செவ்வாய்க்கிழமை நான் பார்த்தபோது காய்ந்த சந்தனமும் இல்லையே? காயில் பளபளவென்று இருந்ததே?

"அது... நான் துடைச்சுப்போட்டன்" என்றார் அண்ணை. "கராச்சுக்குக் கொண்டுபோகேக்கையும் துடைச்சுப்போட்டுத்தான் கொண்டுபோறனான். வெள்ளைக்காரன் மூடியைத் திறக்க, மோட்டர் பொட்டு வைச்சுக்கொண்டு நிண்டால் என்ன நினைப்பான்? வெக்கம்தானே."

"சரி, எனக்கேன் துடைச்சனீங்கள்?"

"நீர் பேப்பரிலை எழுதிப்போடுவீர்."

(அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும், ஆனா வசந்தி சொன்னதையும் சேத்து எழுதும்" என்று நிபந்தனை.)

அந்த நேரம் பார்த்து லிப்ட் கதவு திறந்தது. வசந்தி அக்கா. கையில் சின்னக் கிண்ணம். நாளைக்குக் கலியாணம் ஆயிற்றே, இரண்டாவது தரமும் வைத்துவிடலாம் என்று இறங்கி வந்திருக்கிறார்.

"என்ன, ரெண்டு பேரும் இருட்டுக்கை ஒளிச்சுப்பிடிச்சு விளையாடுறியளோ?"

அண்ணை முன்மூடியை மெல்லச் சாத்தப் பார்த்தார். நான் விடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு மேரி வாசலுக்கு வான்தான் போகும் என்று தெரிந்தது. எனக்குத் தெரிந்த தமிழில், காயிலையும் ஈரத்தையும் குறுக்கு வழியையும் சொன்னேன்.  ஒரு தாயின் வேண்டுதல்தான் பழுது என்று எப்படித்தான் சொல்வது? அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"காட்டுங்கோ பாப்பம்."

விளக்கு அணையும்வரை மூவரும் காத்திருந்தோம். அண்ணை சாவியைத் திருப்பினார். நீல நூல் ஓடியது. அக்கா கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"நான் வைச்ச பொட்டிலையே ஓடுது."

"ஓம் அக்கா."

"ஏன் அக்கா இதிலை வைச்சனீங்கள்?" என்று கேட்டேன். குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை. இத்தனை இடம் இருக்கிறதே.

அக்கா நிமிர்ந்து, இருட்டில் அண்ணை இருந்த திசையைக் காட்டினார்.

"இவரைக் கேளுங்கோ. கார் வாங்கிக்கொண்டு வந்த அண்டைக்கு, எங்கை பொட்டு வைக்கிறது எண்டு கேட்டனான். மூடியைத் திறந்து, பெரிய பெருமையா இதைத் தட்டிக் காட்டினவர். இதிலைதான் இதின்ரை உயிர் இருக்கு எண்டார். பாக்கவும் சின்ன லிங்கம் மாதிரி இருந்துது. உயிர் இருக்கிற இடத்திலை வைக்காமல், பிறகு டயரிலையோ வைக்கிறது?"

 அக்கா சொல்வது பிழையில்லை. அண்ணை சொன்னதும் பிழையில்லை. காரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

"முந்தி வருசத்திலை ஒருக்காத்தான், சரஸ்வதி பூசைக்கு" என்றார் அக்கா. "ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்தச் சாமத்தியவீட்டுக்குப் போகேக்கை நிண்டுதே, அதுக்குப் பிறகுதான் வெள்ளிக்கு வெள்ளி வைக்கிறனான். நிக்க நிக்கக் கூட வைச்சனான்."

நிற்க நிற்கக் கூட வைத்தார். கூட வைக்க வைக்கக் கூட நின்றது.  ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. வெள்ளிக்கு வெள்ளி தொடங்கியதே அந்த முதல் தரம் நின்ற பிறகு என்றால்... அந்த முதல் தரம் ஏன் நின்றது?

அண்ணை இருமினார். கார் இல்லை, அண்ணை.

"அண்டைக்கு... பெற்றோல் முடிஞ்சு போச்சு."

"என்ன?" என்றார் அக்கா.

"வெளிக்கிடேக்கை நீர் பெற்றோல் இருக்கோ எண்டு கேட்டனீர். நான் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன். பிறகு எப்பிடிச் சொல்லுறது? என்னவோ தெரியேல்லை, நிண்டுட்டுது எண்டன்."

நான் விளக்குப் பட்டனைத் தேடினேன். எனக்கு அந்த இடத்தில் வெளிச்சம் தேவைப்பட்டது. வெளிச்சம் வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்தபடி நின்றார்.

"பெற்றோல் அடிக்காமல் வந்த மனிசனுக்காக நான் ரெண்டு வருசம் விரதம் கிடந்து பொட்டு வைச்சிருக்கிறன். நீங்கள் அதைத் துடைச்சுத் துடைச்சு வெள்ளைக்காரனுக்குக் காட்டியிருக்கிறியள்."

துடைத்த கதை அக்காவுக்கு எப்படித் தெரியும் என்று அண்ணை என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை. சந்தனம் ஊறிய பழந்துணி ஒன்று பற்றரிக்குப் பக்கத்தில் கிடந்தது. அக்காவின் கண் அதில் இருந்தது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கடைக்கு வருகிற போன்களில் ஒன்றுகூட இதுவரை தண்ணீரில் விழுந்ததில்லை. கேட்டுப் பாருங்கள். "சும்மா மேசையிலை கிடந்தது தம்பி, தானா நிண்டுட்டுது." திறந்தால் உள்ளே குளமே இருக்கும். போனைத் துடைத்து, உறை மாற்றி, வடிவாக்கித்தான் கொண்டுவருவார்கள். டொக்டரிடம் போகும்போதும் அப்படித்தானே? நாலு நாளாக வலி என்று போய், அவர் கேட்டதும் "இப்ப பரவாயில்லை" என்கிறோம். பழுதைக் காட்டத்தான் போகிறோம்... பழுதைத் துடைத்துவிட்டுப் போகிறோம். பிறகு ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்கிறோம்.

கராச்சுக்காரரும் நானும் செவ்வாய்க்கிழமைகளில் சோதித்தது அந்தக் காரையே இல்லை. அதன் மானத்தை.

சரி, பார்க்கிங்குக்கு வருவோம்.  விளக்கு மறுபடி அணைந்தது. நான் போட்டேன். அக்கா கிண்ணத்தை முன்மூடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தப் பழந்துணியை எடுத்து அண்ணையின் கையில் கொடுத்தார்.

"இப்ப துடையுங்கோ. என்ரை கண்ணுக்கு முன்னாலை."

அண்ணை துடைத்தார். ஈரம் போன பிறகு, காயிலின் தலையில் மயிரிழை போல ஒரு கருகிய கோடு இருந்தது. நீல நூல் இத்தனை நாளும் நடந்து நடந்து போட்ட ஒற்றையடிப் பாதை. இனி அது சந்தனம் இல்லாமலும் அந்த வழியே போகப் பழகிவிடும். டிக்கியில் கிடந்த மூன்றாவது காயிலை எடுத்து மாற்றினோம். அக்காதான் டோர்ச் பிடித்தார். எந்த வயர் எதில் வரும் என்று என்னை இரண்டு தரம் கேட்டு, நான் ஒன்றை மாற்றிக் கொழுவப் போனபோது, "தம்பி, அது மற்றது" என்று திருத்தினார்.

சாவியைத் திருப்பினார் அண்ணை. கார் ஒரே பிடியில் பிடித்தது. இருட்டில் பார்த்தோம். நீல நூல் இல்லை. வெறும் இருட்டு. ஓர் இருட்டைப் பார்த்து மூன்று பேர் அவ்வளவு சந்தோசப்பட்டதை நான் கண்டதில்லை.

"சரி" என்றார் அக்கா. "நாளைக்கு எங்கை வைக்கிறது?"

"அக்கா, காருக்கு இனி..."

"தம்பி, என்ரை பிள்ளை போற கார். ஒண்டும் வைக்காமல் நான் விடமாட்டன். கரண்ட் போகாத இடமாய்ப் பாத்துச் சொல்லுங்கோ."

நான் எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ரேடியேட்டர்? சூடு. கார்பரேட்டர்? பெற்றோல். காற்று வடிகட்டியின் மூடி? வைக்கலாம், ஆனால் நாளைக்கு யாராவது அதைத் திறந்து... நான் யோசித்துக்கொண்டே நிற்க, அக்கா கிண்ணத்தை எடுத்தார். அண்ணைக்கு முன்னால் போய் நின்று, அவர் நெற்றியில் மூன்று விரலால் இழுத்தார். நடுவில் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"இனி இதுக்குத்தான். நாளைக்கு மேரியிலையும் இருக்கும். துடைக்க மாட்டியள்தானே?"

"இல்லை" என்றார் அண்ணை. பள்ளிக்கூடப் பிள்ளை போல.

போன சனிக்கிழமை காலை. மழை. தூறல் இல்லை, சரியான மழை. வான் வாசலில் தயாராக நின்றது. அக்காவின் தம்பி அதற்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வானைப் பார்த்தார், காரைப் பார்த்தார். மகளின் கூறைச்சேலையை நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரில் ஏறினார். பக்கத்தில் நிலானி. "தம்பி, நீரும் முன்னாலை ஏறும்" என்றார் அண்ணை. கோட்டும் சூட்டும், நெற்றி நிறையத் திருநீறும்.

மேரிக்குப் பத்து நிமிட ஓட்டம்தான். அந்தப் பத்து நிமிடமும் நாலு பேரும் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வைப்பர் ஒருமுறை கிரீச்சிட்டதற்கே அக்கா அண்ணையின் சீற்றைப் பிடித்துவிட்டார். மேரிக்கு முந்திய சந்தியில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. எஞ்சின் நிற்கவில்லை. சீராக, மெதுவாக, தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னாலிருந்து நிலானி, என் நினைவில் முதன்முதலாக, தமிழில் பேசினாள்.

"அப்பா, கார் நல்லா ஓடுது."

அண்ணை கண்ணாடிக்குள் மகளைப் பார்த்தார். அவர் கண் நனைந்திருந்தது. ஆனால் விரலை உதட்டில் வைத்தார்.

"சத்தமாச் சொல்லாதை பிள்ளை. அதுக்குக் கேட்டிடும்."

காயில், வோல்ட், ஈரம், குறுக்கு வழி... எல்லாக் காரணமும் கொப்பியில் எழுதி வைத்திருப்பவன் நான். ஆனாலும் "ஓம் அண்ணை" என்பதை மிகவும் மெதுவாகத்தான் சொன்னேன்.